நாலு இடைவேளை விட்ட கொட்டகை: டூரிங் டாக்கீஸ் எப்படி நடந்தது?

"எங்கள் அப்பா சிறுவயதில் டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த கதையை அடிக்கடி சொல்வார். ஒரே படத்துக்கு மூன்று, நாலு இடைவேளை விட்டார்கள், படம் முழுக்க மழை பெய்ததுபோல் கோடு ஓடியது, மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தோம் என்கிறார். இதெல்லாம் உண்மையா? அந்தக் கொட்டகைகள் எப்படி நடந்தன, ஏன் காணாமல் போயின?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்பா சொன்னதில் ஒன்றுகூட மிகை இல்லை. என் சித்தப்பா கீழத்தஞ்சைப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தார். 1970களில் தரை டிக்கெட் வாங்கி மணலில் உட்கார்ந்தும் படம் பார்த்திருக்கிறேன். மிஷின் ரூமில் அவர் பக்கத்தில் நின்று சுவரில் இருந்த சதுர ஓட்டை வழியாகவும் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்திலிருந்தும் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். அன்றைய பிள்ளைகள் இன்று ஆசையோடு நினைத்துக்கொள்ளும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கருவியின் கட்டாயமோ, சட்டமோ, பணக்கணக்கோ இருந்தது. ஆகவே நினைவையும் காரணத்தையும் பிரிக்காமல் சேர்த்தே எழுதுகிறேன்.

டூரிங் டாக்கீஸ் என்பது ஏதோ நிரந்தரத் தியேட்டருக்குப் பிறகு வந்த ஏழை வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். தமிழ்நாட்டில் சினிமா முதலில் கூடாரத்தில்தான் ஊர் ஊராகச் சுற்றியது. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905இல் ஒரு புரொஜக்டரையும் சில பேசாத படங்களையும் வாங்கினார். ஏசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம் அவற்றில் ஒன்று. வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பியவர், தமிழ்நாட்டைத் தாண்டி வடக்கேயும் பர்மா வரைக்கும் போய்ப் படம் காட்டினார். கோயம்புத்தூரில் அவர் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரைக் கட்டியது 1914இல்தான். கூடாரம் முந்தியது, கட்டடம் பிந்தியது. 1931இல் தமிழ்ப் படம் பேச ஆரம்பித்தபின் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொள்ள, அந்தக் கூடாரம் டூரிங் டாக்கீஸ் ஆயிற்று.

எங்கள் ஊர்க் கொட்டகை ஊருக்கு வெளியே, சாலையை ஒட்டிய ஒரு தரிசில் இருந்தது. சவுக்குக் கம்பு, மூங்கில், தென்னங்கீற்று, சுற்றிலும் தட்டி. திரை இருந்த முன்பக்கமும் மிஷின் ரூமும் மட்டும் செங்கல் சுவர். மற்றதெல்லாம் ஒரு வாரத்தில் பிரித்து வண்டியில் ஏற்றிவிடக் கூடியது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. 1955ஆம் ஆண்டுச் சென்னை சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும், அதன்கீழ் 1957இல் வந்த விதிகளும் நிரந்தரத் தியேட்டர், அரை நிரந்தரத் தியேட்டர், டூரிங் தியேட்டர் என்று பிரித்துவைத்தன. டூரிங் தியேட்டருக்கு உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். காலம் முடிந்தால் கொட்டகையை எடுத்தாக வேண்டும். வேறு இடத்தில் போடலாம். எங்கள் கொட்டகை ஒரு வருஷம் காணாமல் போய்ப் பக்கத்து ஊர்ச் சாலையில் முளைத்தபோது பிள்ளைகள் எல்லோரும் அழாத குறை. முதலாளிக்கும் ஊருக்கும் ஏதோ சண்டை என்றுதான் பேசிக்கொண்டோம். உரிமக் காலம் முடிந்த விஷயம் சித்தப்பா சொல்லித்தான் தெரிந்தது.

கீற்றுக் கூரையிலும் தட்டியிலும் பகல் வெளிச்சம் ஆயிரம் வழியாக உள்ளே வரும். அதனால் பகல் காட்சி கிடையாது. பொழுது சாய்ந்தபின் முதல் ஆட்டம், பத்து மணி வாக்கில் இரண்டாம் ஆட்டம். இரவுக் காட்சி என்பது எங்களுக்குத் தேர்வல்ல, கூரை விதித்தது.

நாளின் தொடக்கம் தட்டி வண்டி. ஒற்றை மாட்டு வண்டியின் இரண்டு பக்கமும் போஸ்டர் ஒட்டிய தட்டி சாய்த்துக் கட்டியிருக்கும். உள்ளே ஒருவர் கொட்டு அடிப்பார், ஒருவர் நோட்டீஸ் வீசுவார். ரோஸ், மஞ்சள், பச்சை என்று மெலிந்த காகிதத்தில் அச்சடித்த நோட்டீஸ். கதையைக் கொஞ்சம் சொல்லி, "மற்றவை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்தியிருப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதற்கு எனக்கு அந்த நோட்டீஸ்கள் பெரிய உதவி. டீக்கடை வாசலில் தட்டி வைக்க இடம் கொடுத்தவருக்கு ஓசி பாஸ் உண்டு. சலூன்காரருக்கும் உண்டு.

சாயங்காலம் ஆனதும் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. முதலில் சீர்காழி கோவிந்தராஜனோ டி.எம்.சௌந்தரராஜனோ பாடிய பக்திப் பாடல்கள். பிறகு சினிமாப் பாட்டு. இது வெறும் அலங்காரம் இல்லை. கடிகாரம் இல்லாத ஊர்களுக்கு அதுதான் கடிகாரம். சுற்றுவட்டாரத்தில் இருக்கிறவர்களுக்கு எந்தப் பாட்டுக்குப் பிறகு டிக்கெட் கொடுப்பார்கள் என்று மனப்பாடம். முதல் பக்திப் பாட்டில் அடுப்பை அணைப்பார்கள், நாலாவது பாட்டில் வரப்பில் இறங்கி நடப்பார்கள். "பாட்டு மாத்திட்டான், ஓடுடா" என்று யாராவது கத்தினால், டிக்கெட் கவுண்டர் திறந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஓட்டத்தில் காலில் நெருஞ்சி முள் தைத்தாலும் யாரும் நிற்க மாட்டோம்.

எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் தரை 25 காசு, பெஞ்சு 50 காசு, நாற்காலி 1 ரூபாய் என்று நினைவு. தரை திரைக்கு மிக அருகில். நாற்காலி கடைசியில், மிஷின் ரூமுக்கு முன்னால். தரையில் ஆற்று மணல் கொட்டியிருப்பார்கள். நடுவில் இடுப்புயரச் சுவர். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். உள்ளே போனதும் முதல் வேலை இரண்டு கையாலும் மணலைக் கூட்டி மேடு கட்டுவதுதான். முன்னால் இருப்பவன் மேட்டை உயர்த்தினால் பின்னால் இருப்பவன் இன்னும் உயர்த்துவான். கடைசியில் பெரியவர் ஒருவர் எழுந்து, "டேய், மணலை இறக்குங்கடா, மறைக்குது!" என்று அதட்டுவார். படம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் எல்லா மேடும் சரிந்து, தோண்டிய பள்ளத்தில்தான் உட்கார்ந்திருப்போம். பெண்கள் பக்கம் கைக்குழந்தைகளை மணலிலேயே துணி விரித்துத் தூங்கவைத்திருப்பார்கள். எங்கள் அத்தை ஒருத்தி வெற்றிலைப் பெட்டி, தண்ணீர்ச் செம்பு, போர்வை எல்லாம் எடுத்துக்கொண்டுதான் சினிமாவுக்குக் கிளம்புவார்கள்.

இந்த உட்காரும் முறையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பல்ல, கையிலிருந்த காசு என்று பேராசிரியர் கா.சிவத்தம்பி எழுதியிருக்கிறார். கோயிலுக்குள் போக முடியாதவர்களும், கூத்து நடக்கும் இடத்தில் எட்டி நின்று பார்த்தவர்களும் காசு கொடுத்தால் பெஞ்சில் உட்காரலாம் என்பது சாதாரண மாற்றம் இல்லை. அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அதே நேரம் தரையில் பார்த்ததையும் சொல்லியாக வேண்டும். விளக்கு எரியும்போது தெருவாரியாகத்தான் கூட்டம் சேர்ந்து உட்காரும். இன்னார் பக்கத்தில் இன்னார் உட்கார மாட்டார் என்பது அங்கேயும் இருந்தது. விளக்கை அணைத்துச் சண்டைக் காட்சி வந்ததும் எல்லோரும் முன்னால் நகர்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் தோள் யார்மேல் பட்டது என்று யாரும் பார்க்கவில்லை. சட்டமும் பிரசங்கமும் செய்ய முடியாததை அந்த இருட்டு தினமும் இரண்டு ஆட்டம் செய்தது. கொட்டகையின் பெரிய சாதனை என்று எதையாவது சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இனி உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். ஏன் அத்தனை இடைவேளை?

நிரந்தரத் தியேட்டரில் இரண்டு புரொஜக்டர் இருக்கும். ஒன்றில் ஒரு பாகம் முடியும்போது திரையின் வலது மேல் மூலையில் சின்ன வட்டப் புள்ளி ஒன்று கண்சிமிட்டும். அதைப் பார்த்ததும் ஆபரேட்டர் இரண்டாவது மிஷினின் மோட்டாரைப் போடுவார். சில விநாடி கழித்து அடுத்த புள்ளி வந்ததும் வெளிச்சத்தை மாற்றுவார். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. டூரிங் டாக்கீஸில் பெரும்பாலும் ஒரே மிஷின். பிலிம் சுற்றிய ஒரு ஸ்பூல் தீர்ந்தால் நிறுத்தி, கழற்றி, அடுத்ததை மாட்டித்தான் ஓட்ட வேண்டும்.

கணக்கு இப்படி. 35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது என்றால் நிமிடத்துக்கு 90 அடி. 1,000 அடி ரீல் ஒன்று 11 நிமிடம் ஓடும். அந்தக் காலத் தமிழ்ப் படம் 15,000 அடி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 2 மணி 47 நிமிடம். அதாவது 2,40,000 தனித்தனிப் படங்கள். ரீல்களை ஒட்டி 4,000 அடி கொள்ளும் பெரிய ஸ்பூலில் சுற்றினால் ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் ஓடும். 15,000 அடிக்கு நாலு ஸ்பூல். இடையில் மூன்று முறை நிறுத்த வேண்டும். படம் 16,000 அடியைத் தாண்டினாலோ, ஸ்பூல் சின்னதாக இருந்தாலோ நாலு இடைவேளை. உங்கள் அப்பா சொன்ன எண்ணிக்கை இதுதான்.

முதலாளிக்கு இதில் நஷ்டம் இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் முறுக்கு, கடலை, சோடா, கலர் விற்றது. பாட்டுப் புத்தகமும் விற்றது. கொட்டகைக்குள் கடை எடுத்தவர் முதலாளிக்குக் குத்தகை கட்டுவார். எனவே இரண்டு நிமிடத்தில் மாட்டக் கூடிய ஸ்பூலுக்குப் பத்து நிமிடம் விளக்கு எரியும். சித்தப்பா தயாராக நிற்பார். கடைக்காரர் கை காட்டினால்தான் பெல் அடிப்பார்கள்.

மிஷினின் வெளிச்சம் பல்பிலிருந்து வரவில்லை. செம்பு முலாம் பூசிய இரண்டு கார்பன் குச்சிகள், ஒன்று கொஞ்சம் தடிமன், ஒன்று மெல்லிசு. இரண்டின் முனையையும் ஒட்டவைத்துக் கொஞ்சம் விலக்கினால் நடுவில் மின்சாரம் வில்லாகத் தாவும். கண்கூசும் வெள்ளை வெளிச்சம். பின்னால் இருக்கும் குழிக் கண்ணாடி அதைப் பிலிம்மீது குவிக்கும். குச்சி எரிய எரிய இடைவெளி அகலும். ஆபரேட்டர் அதைக் கவனித்துத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் அயர்ந்தால் திரை நிறம் மாறி மங்கிவிடும். உடனே தரையிலிருந்து விசில், "ஆபரேட்டரே!" என்று கூச்சல். வெளியே இருந்தவர்களுக்கு அவர் தூங்கிவிட்டார் என்று தோன்றும். உள்ளே அவர் பனியன் நனைய, ஒரு கண்ணைக் கறுப்புக் கண்ணாடிச் சன்னல்மேலும் ஒரு கண்ணைத் திரைமேலும் வைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வில்லுக்கு நேர்மின்சாரம் வேண்டும் என்பதால் தனியாக ரெக்டிபையர் இருந்தது. கரண்ட் போனால் ஆயில் இன்ஜினைச் சுற்றி டைனமோவை ஓட்டுவார்கள். அந்த டப்டப் சத்தம் வசனத்தோடு சேர்ந்து கேட்கும்.

பிலிம் தொடர்ந்து ஓடுவதுபோல் தெரிந்தாலும் வெளிச்சத்தின் முன் விட்டு விட்டுத்தான் நகர்கிறது. ஒரு ஃபிரேம் நிற்கும், மூடி மறைக்கும், அடுத்த ஃபிரேம் இறங்கும், மூடி திறக்கும். விநாடிக்கு 24 முறை இந்த வேலையைச் செய்வது சிலுவை வடிவப் பல்சக்கரம் ஒன்று. ஒலியோ விட்டு விட்டு நகரும் பிலிமில் படிக்க முடியாதது. அது சீராக ஓடும் இடத்தில், சுமார் 20 ஃபிரேம் தள்ளித்தான் படிக்கப்படும். அதனால் நடுவில் பிலிமைத் தளர்வாக வளைத்து விட்டிருப்பார்கள். அந்த வளைவின் அளவு தவறினால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். சித்தப்பா பிலிம் மாட்டும்போது அந்த வளைவை மட்டும் விரலை வைத்து இரண்டு முறை அளப்பார். "இங்கே தப்பினா நடிகருக்கே கெட்ட பேருடா" என்பார்.

பிலிம் எங்காவது சிக்கி நின்றுவிட்டால், கார்பன் வெளிச்சத்தின் சூட்டில் நின்ற ஃபிரேம் உருகும். திரையில் கதாநாயகன் முகத்தின் நடுவில் பழுப்பாக ஒரு ஓட்டை விழுந்து, கொப்புளித்து, ஓரம் வரை பரவும். பிறகு வெறும் வெள்ளை. பயமாகவும் இருக்கும், கண்ணை எடுக்கவும் முடியாது. 1950களின் தொடக்கம் வரை வந்த நைட்ரேட் பிலிம் ஆக இருந்திருந்தால் அது உருகுவதோடு நிற்காது, குப்பென்று பற்றும். இந்தியாவின் 1918ஆம் ஆண்டு சினிமாட்டோகிராப் சட்டம் தணிக்கையோடு தீப் பாதுகாப்பையும் சேர்த்தே பேசியதற்குக் காரணம் அதுதான். மிஷின் ரூமுக்குச் செங்கல் சுவர், ஓட்டைக்கு இரும்பு மூடி, வாசலில் மணல் நிரப்பிய சிவப்பு வாளி என்று விதி வைத்ததும் அதனால்தான். பிலிம் மாறியபின்னும் கூரை கீற்றாகவே இருந்தது. 1979 ஜூலையில் தூத்துக்குடியில் ஒரு டூரிங் தியேட்டர் தீப்பற்றிப் பலர் செத்துப்போனார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு எங்கள் அம்மா எங்களை இரண்டாம் ஆட்டத்துக்கு அனுப்பவே இல்லை. இந்தக் கொட்டகைகளைப் பற்றி இனிமையாகப் பேசும் யாரும் அந்தச் சாவுகளை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

அடுத்தது மழைக் கோடு. ஒரு படத்துக்கு இத்தனை பிரிண்ட், அதாவது பிலிம் நகல், என்று அப்போது எண்ணித்தான் போடுவார்கள். கச்சா பிலிம் விலை அதிகம். கலர் பிலிம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் தயாரித்தது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக்கு உதவியது. அந்தக் கொஞ்சம் பிரிண்டையும் ஏரியா ஏரியாவாகப் பிரிப்பார்கள்: சென்னை நகரம், வட ஆற்காடு – தென் ஆற்காடு – செங்கல்பட்டு சேர்ந்த என்.எஸ்.சி., கோவை, சேலம், மதுரை–ராமநாதபுரம், திருச்சி–தஞ்சாவூர், நெல்லை–குமரி. ஒவ்வொரு ஏரியாவிலும் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர். பெரிய ஊரில் ஓடி முடித்து, தாலுகா ஊரில் ஓடி முடித்து, கடைசியாக எங்களிடம் வரும்போது படம் வந்து ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அதே பிரிண்ட்தான். பலநூறு முறை மிஷினில் ஓடிய பிலிமில் தூசியும் உருளையும் நெடுக்காகக் கீறிய கோடு, திரையில் மழையாகத் தெரியும். ரீலின் தொடக்கமும் முடிவும்தான் கை அதிகம் படும் இடம் என்பதால் அங்கே மழை பலம். அறுந்தால் பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி ஒட்டுவார்கள். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஓரிரண்டு ஃபிரேம் போகும். இப்படிப் போய்ப் போய்ச் சில படங்களில் பஞ்ச் வசனமே பாதி இருக்காது. நகரத்தில் பார்த்த மாமா "அந்த இடத்துல இன்னொரு வரி வரும்" என்று சொல்வார். நாங்கள் நம்ப மாட்டோம்.

படப்பெட்டி பஸ்ஸில் வரும். கூடவே விநியோகஸ்தரின் ஆள் வருவார், ரெப்ரசென்டேட்டிவ். வசூலில் பங்கு என்று பேசியிருந்தால் அவர் கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட்டை எண்ணி, தினமும் டி.சி.ஆர்., அதாவது அன்றைய வசூல் கணக்கு, எழுதி அனுப்புவார். பழைய படமென்றால் பிக்சட் ஹயர், அதாவது வாரத்துக்கு இவ்வளவு என்று முடிந்துபோகும். ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகை பங்கிட்டு ஓட்டுவதும் உண்டு. இங்கே முதல் ஸ்பூல் ஓடி முடிந்ததும் சைக்கிளில் அங்கே எடுத்துப் போவார்கள். வழியில் சைக்கிள் பஞ்சர் ஆனால் ஊரே காத்திருக்கும்.

வெட்டி எறிந்த அந்த ஓரிரண்டு ஃபிரேம்தான் பிள்ளைகளுக்குச் சொத்து. காலையில் மிஷின் ரூமுக்குப் பின்னால் போய்ப் பொறுக்குவோம். எம்.ஜி.ஆர். ஃபிரேம் ஒன்றுக்கு மற்றவர் ஃபிரேம் ஐந்து என்று பரிமாற்றம். எங்கள் ஊரில் சிவாஜி தெருவுக்கு அந்த விகிதம் செல்லாது, அங்கே தலைகீழ். எரிந்து மிஞ்சிய கார்பன் துண்டுகளும் கிடைக்கும்.

பிலிமை வைத்து வீட்டுச் சினிமா காட்டியதை உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், கட்டாயம் செய்திருப்பார். பியூஸ் போன பல்பின் அடிப்பாகத்தைப் பக்குவமாக எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைக் கொட்டி, தண்ணீர் நிரப்புவோம். கதவு சன்னலைச் சாத்திய அறையில் வேட்டி கட்டித் திரை. வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கதவில் இருக்கும் ஓட்டை வழியாக அனுப்புவான். ஓட்டையில் பிலிம், அதற்கு முன்னால் பல்பு. தண்ணீர் நிரம்பிய உருண்டை குவிலென்ஸாக வேலை செய்யும். அதன் குவியம் உருண்டையின் மையத்திலிருந்து ஒரு விட்டத் தூரம்; ஆகவே பிலிம் பல்பின் பரப்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இருந்தால்தான் வேட்டியில் உருவம் தெளியும். எங்களுக்குக் கணக்கு தெரியாது, விரற்கடை தெரியும். லென்ஸ் கவிழ்த்துக் காட்டும் என்பதால் பிலிமைத் தலைகீழாகச் சொருக வேண்டும் என்பதையும் யாரும் சொல்லித் தரவில்லை. சூரியன் நகர நகரக் கண்ணாடிக்காரன் நகர வேண்டும். அந்த வேலைக்கு எப்போதும் தம்பிகள்தான் மாட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஒளியியல் பாடம் வந்தபோது எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை.

படத்துக்கு முன் நியூஸ் ரீல் ஓடும். 1948இல் தொடங்கிய மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்தது. காட்டுவது உரிமத்தின் நிபந்தனை. அணை, வெள்ளம், வெளிநாட்டுத் தலைவர் வருகை. பெரியவர்கள் அந்த நேரம் வெளியே பீடி பிடிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். ரயிலையும் கடலையும் பனிமலையையும் நான் முதலில் பார்த்தது அதில்தான்.

இரண்டாம் ஆட்டத்துக்கு உள்ளூரைவிட வெளியூர்க் கூட்டம் அதிகம். அறுவடை முடிந்த தை, மாசியில் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கொட்டகைக்கு வெளியே மாடுகளை அவிழ்த்து வைக்கோல் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். படத்துக்குப் போகாதவர்களுக்கும் பங்கு உண்டு. மொட்டை மாடியிலும் திண்ணையிலும் படுத்துக்கொண்டு வசனம் முழுவதையும் கேட்பார்கள். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேல்காற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது ஒலி மேலே போய்விடாமல் தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் வரும். தஞ்சைச் சமவெளியில் தடுக்க ஒரு குன்றும் இல்லை. எங்கள் பாட்டி கொட்டகைக்குள் கால் வைத்ததே இல்லை. ஆனால் எந்தப் படத்தின் வசனத்தைக் கேட்டாலும் அடுத்த வரியைச் சொல்வார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கொட்டகைக்கு ஓய்வு. புயல் மழையில் கீற்று தாங்காது, மணல் சேறாகிவிடும்.

ஏன் மறைந்தன என்றால் எல்லோரும் டெலிவிஷன் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதற்குப் பிறகும் பல வருஷம் எங்கள் கொட்டகை நன்றாகவே ஓடியது. தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமை மாலை போட்ட படத்தால் அன்றைக்கு முதல் ஆட்டம் அடிபட்டது, அவ்வளவுதான். டூரிங் டாக்கீஸின் பிழைப்பு நடந்தது ஒரு தாமதத்தில். நகரத்தில் படம் வந்ததற்கும் கிராமத்துக்கு வந்ததற்கும் இடையே ஒன்றிரண்டு வருஷம். அந்தக் காலம் முழுவதும் பாட்டு மட்டும் ரேடியோவில் கேட்டுக் கேட்டு, பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்ன கதையைக் கேட்டு ஆசை ஊறிக்கொண்டே இருக்கும். 1980களில் வீடியோ கேசட் வந்து அந்தத் தாமதத்தை உடைத்தது. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து ஒரே ராத்திரியில் மூன்று படம் போட்டார்கள். அதில் ஒன்று, படப்பெட்டி இன்னும் எங்கள் கொட்டகைக்கு வராத படம். இன்னொரு பக்கம் தயாரிப்பாளர்களே பிரிண்ட் எண்ணிக்கையைக் கூட்டி, சின்ன ஊர்களிலும் ஒரே நேரத்தில் வெளியிட ஆரம்பித்தார்கள். பஸ் வசதியும் பெருகியது. புதுப் படத்தைத் தாலுகா ஊரிலேயே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வர முடிந்தது. 1990களில் கேபிள் வீட்டுக்குள் வந்தபோது, எஞ்சியிருந்த கொட்டகைகள் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. சாலையோரத் தரிசுக்கு மனை விலை ஏறியதும் நிலத்துக்காரர்கள் குத்தகையைப் புதுப்பிக்கவில்லை. சில முதலாளிகள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு அரை நிரந்தரத் தியேட்டராக மாற்றிக்கொண்டு கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார்கள். மிஷின்கள் இரும்பு விலைக்குப் போயின.

உங்கள் அப்பா பார்த்த கொட்டகை எங்கே இருந்தது என்று தேடிப் பார்க்க விரும்பினால் ஒரு வழி சொல்கிறேன். கீற்றும் கம்பும் போயிருக்கும். மிஷின் ரூம் செங்கல் என்பதால் அது பல ஊர்களில் இன்னும் நிற்கிறது. உர மூட்டை அடுக்கியிருப்பார்கள், அல்லது யாராவது குடியிருப்பார்கள். சுவரில் தரையிலிருந்து ஆளுயரத்தில் அக்கம்பக்கமாகச் சின்னச் சதுர ஓட்டைகள் அடைபட்டிருந்தால் அதுவேதான். அடுத்து, அந்த வட்டாரத்தில் ஆபரேட்டராக இருந்தவர் யார் என்று விசாரியுங்கள். அவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். போனில் பதிவு செய்துகொண்டு, எந்த மிஷின் ஓட்டினீர்கள், ஸ்பூல் எத்தனை அடி, எந்தப் பாட்டுக்குப் பிறகு டிக்கெட் கொடுத்தார்கள், படப்பெட்டி எந்த ஊரிலிருந்து வந்தது, ரெப்ரசென்டேட்டிவ் எங்கே தங்கினார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்கும் கேள்விகள் உங்களுக்குத் தோன்றாது.